அடுப்பு கட்டும் முன் பாத்திரத்தை அளந்து பாருங்கள்!

மூன்று கல்லைக் கூட்டி வைத்தால் அடுப்பு. இதற்குப் போய் ஒரு விஞ்ஞானியா என்று கேட்கலாம். ஒருவர் அல்ல, பலர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதுவும் நம் பெங்களூரிலேயே!

மல்லேசுவரம் பக்கத்தில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் அமுல்யா ரெட்டி 1974-ல் "அஸ்த்ரா" என்ற பிரிவைத் தொடங்கினார். கிராமத்துக்கு விஞ்ஞானம் என்பது அதன் நோக்கம். துமகூர் மாவட்டக் கிராமங்களில் கணக்கெடுத்தபோது, அங்கே செலவாகும் எரிபொருளில் பெரும் பங்கு விறகு என்று தெரிந்தது. அதில் பிறந்ததுதான் "அஸ்த்ரா ஒலெ". ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. நம் உலை என்ற சொல்லுக்கு உறவு.

சாதாரண அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மிச்சம் சுவருக்கும் கூரைக்கும், சமைக்கிற பெண்ணின் கண்ணுக்கும்! அஸ்த்ரா அடுப்பு ஆய்வுக்கூடத்தில் சுமார் 40 சதவீதம் வரை காட்டியது.

ரகசியம் ஒன்றும் பெரிதல்ல. அடுப்பு நாலாபுறமும் மூடியது. வரிசையாக மூன்று குழி. விறகு எரிவது இரும்புக் கம்பித் தட்டின் மேல். அடியிலிருந்து காற்று வரும். முதல் குழியில் சோறு. அங்கிருந்து நகரும் சூடு இரண்டாவதில் குழம்பைக் கொதிக்க வைக்கும். மூன்றாவதில் வெந்நீர். பிறகுதான் புகை குழாய் வழியாக வெளியேறும்.

இப்படி நல்ல அடுப்பு கைவசம் இருந்தும் காரியம் கெட்டது எங்கே? மத்திய அரசு 1983-ல் தொடங்கி 2002 வரை நடத்திய புகையில்லா அடுப்புத் திட்டத்தில் நாடு முழுவதும் சுமார் 3.5 கோடி அடுப்புகள் கட்டினார்கள். பல வீடுகளில் சீக்கிரமே இடித்துப் போட்டுவிட்டார்கள். பெண்கள் மேல் பழி போடுவது சுலபம். என் கணக்கில் பழி அளவுகோலுக்குத்தான்.

குழி வீட்டுப் பாத்திரத்துக்குப் பொருந்த வேண்டும். இடைவெளி விட்டால் அந்த வழியாகப் புகை கிளம்பும், குழாய் இழுக்காது. ஆகவே கொத்தனார் வரும் நாளன்று தினம் புழங்கும் குண்டான், சட்டி, தேக்சா எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே பாத்திரத்தை இறக்கிப் பார்த்துவிட வேண்டும். "பெரிய கட்டை வைக்கலாமே" என்று விறகு வாயை அகலமாக்கச் சொல்லாதீர்கள். வீண் காற்று புகுந்து சூட்டை அடித்துக்கொண்டு போகும். கட்டையைச் சிறிதாகப் பிளப்பதே மேல். வெயிலில் காய்ந்த விறகாகவும் இருக்கட்டும்.

ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பழைய ஆட்களைக் கேட்டால், "சௌதெ டிப்போ"வில் எடை போட்டு, தோளில் கட்டு சுமந்து வந்த கதையைச் சொல்வார்கள். இன்று பெங்களூரில் சமையலுக்குப் பெரும்பாலும் காஸ் வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீருக்கென்று கொல்லையில் விறகு அடுப்பு வைத்திருக்கிறவர்கள் உண்டு. கட்டிட வேலைக்கு வந்து ஷீட் கொட்டகையில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு விறகு தவிர வேறு வழி இல்லாத நாளும் உண்டு.

ஒற்றை அறை வீட்டில் அடுப்பு கட்டுவதானால் முதலில் வீட்டுக்காரரின் அனுமதி. கூரையில் ஓட்டை போட்ட பிறகு கேட்டால் அட்வான்ஸ் பணம் திரும்பாது! குழாய் கூரைக்கு மேல் 2 அடியாவது நிற்க வேண்டும். மேலே மழைத் தொப்பி அவசியம். அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வைத்தார்கள். அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தகரக் குழாய் போடலாம். ஆனால் அது சூடேறும். கீற்று, பிளாஸ்டிக், மரச்சட்டம் எதுவும் தொடக் கூடாது.

வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. புகை தெரியாவிட்டால் பயமில்லை என்பதும் தப்பு. டிசம்பர் குளிரில் தணலைச் சட்டியில் அள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும்.

கட்டிய அடுப்பை நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, முதலில் சுள்ளி போட்டுச் சிறு தீயாக மூட்டுங்கள். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். மாதம் ஒரு முறை குழாயில் கரியைத் தட்டுங்கள். கம்பு நுனியில் பழைய சாக்கைச் சுற்றிக்கொண்டால் போதும்.