18 அங்குல இடைவெளி

பானத் தொழிற்சாலையில் ஒருவர் ரசாயனத்தால் காயப்பட்டால், "கவனமில்லாமல் வேலை செய்தார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது எவ்வளவு அவசரத் தீர்ப்பு என்பதை அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து ஆட்சிசன் நகரில் நடந்தது காட்டுகிறது. தானியத்திலிருந்து மதுவும் மாவுச்சத்தும் தயாரிக்கும் ஆலை ஒன்றுக்கு 2016 அக்டோபர் 21 காலையில் டேங்கர் லாரியில் சல்ஃபியூரிக் அமிலம் வந்தது. ஆலை ஊழியர் அமிலக் குழாயின் பூட்டைத் திறந்துவிட்டார். அதற்கு 18 அங்குலம் தள்ளி, அதே தோற்றத்தில், சோடியம் ஹைப்போகுளோரைட் குழாய். அதுவும் பூட்டில்லாமல் கிடந்தது. லாரியின் ஹோஸ் அதில் மாட்டப்பட்டது. சுமார் 4,000 கேலன் அமிலம் தவறான தொட்டிக்குள் பாய, குளோரின் கலந்த பச்சை மஞ்சள் புகை ஊர்மேல் படர்ந்தது. 140 பேருக்கு மேல் சிகிச்சை தேடி ஓடினார்கள். ஓட்டுநர் பார்த்து மாட்டியிருக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் இரண்டு குழாய்வாய்களுக்கும் அளவும் மரையும் வேறாக இருந்திருந்தால், எவ்வளவு அசந்திருந்தாலும் அவரால் தவறாக மாட்டியிருக்கவே முடியாது. ஒற்றைக் கவனப்பிசகு ஊரையே மூச்சுத்திணற வைக்கும்படி ஆலையை அமைத்தது அவர் அல்லவே.

குளிர்பான ஆலைகளிலும் பீர் ஆலைகளிலும் அன்றாட ஆபத்து இதைவிடச் சத்தமில்லாதது. குழாய்களையும் தொட்டிகளையும் கழற்றாமலே கழுவ, 70, 80 டிகிரிக்குச் சூடாக்கிய காஸ்டிக் சோடாக் கரைசலை உள்ளே ஓட்டுவார்கள். இரண்டு சதவீதக் கரைசல்தானே என்பார்கள். அதைக் கலக்க வரும் மூலக் கரைசலோ 50 சதவீதம்வரை இருக்கும். காஸ்டிக் விரலில் பட்டால் முதலில் சோப்பு மாதிரி வழவழக்கும். வலி பிந்தி வரும், அதற்குள் அது தோலுக்குள் இறங்கியிருக்கும். கையுறையும் கண்ணாடியும் கொடுத்திருக்கிறோமே என்பது அடுத்த பதில். அவை அவசியம். ஆனால் பம்ப் ஓடும்போதே ஒருவர் இணைப்பைக் கழற்றினால், அழுத்தத்தோடு பீறிடும் சுடுகரைசலைக் கையுறை எவ்வளவு தடுக்கும்? பம்பை நிறுத்திப் பூட்டிச் சாவியைக் கழற்றுபவரிடமே கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் திருத்தப்பட்ட இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், தன் வேலையிலுள்ள ஆபத்தைக் கேட்டறியும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. கேனின் லேபிள் அவர் படிக்கும் மொழியில் இல்லையென்றால் அந்த உரிமை யாருக்காக? கண்ணில் தெறித்தால் 10 நொடிக்குள் தண்ணீரை எட்டி, 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும் என்கிறது அமெரிக்கத் தரவிதி. கண்ணைத் திறக்க முடியாமல், சுவரைத் தடவித் தடவி ஒருவர் 10 நொடியில் நடக்கும் தூரத்தை அளந்துதான் கண் கழுவும் குழாயை வைக்க வேண்டும்.