தேய்வதற்கென்றே பிறந்த கட்டை

மோட்டார்க் கார் வாங்கப் போகின்றவர் பலவற்றை விசாரிப்பர். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், எத்தனை பேர் அமரலாம், திருப்பி விற்றால் என்ன விலை போகும் என்றெல்லாம் கேட்பர். ஓடுகின்ற அந்தக் கார் நன்றாக நிற்குமா என்று கேட்பவரைக் காண்பது அரிது. ஆயுதபூசையன்று சந்தனமும் குங்குமமும் சாத்தி, சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்ற நம்மவர், அச்சில்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்து தம் மனைவி மக்களைக் காக்கின்ற இரு சிறு கட்டைகளை ஒருமுறையேனும் குனிந்து பார்ப்பதில்லை. கடைகளில் ‘பிறேக் பாட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவர். சைக்கிள் காலத்துப் பழக்கத்தால் நாம் கட்டை என்றே வழங்குவோம். அதனை வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்வது எங்ஙனம் என்பதே இவ்வாரம் நாம் கூற எடுத்துக்கொண்ட விடயம்.

நம் முந்திய தலைமுறையினர் ஓட்டிய மொரிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ-40இலும் இக்கட்டை இல்லை. 1990களில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி நம்மைச் சுமந்த அக்கார்களில் நான்கு சில்லுக்கும் டிரம் பிறேக்கே. மூடிய பேணி போன்ற டிரம்மினுள்ளே இரு வளைந்த சூக்கள் விரிந்து அழுத்தும். வெப்பம் உள்ளேயே அடைபட்டுப் பிடி தளர்வது அதன் குறை. சுழலும் தட்டை இரு புறமும் கட்டைகளாற் கௌவிப் பிடிக்கும் முறைக்கு லான்செஸ்ரர் என்னும் ஆங்கிலேயர் 1902இலேயே உரிமை பெற்றிருந்தார். எனினும் 1953இல் பிரான்சிலே லெ மான் ஓட்டப்பந்தயத்தில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பின்னரே உலகம் அதன் அருமையை நன்கு உணர்ந்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் யப்பானியக் கார்களிற் பெரும்பாலானவற்றில் முன்சில்லுகளுக்கேனும் டிஸ்க்தான்.

அக்கட்டை செய்யும் வேலை எவ்வளவென்று ஒரு சிறு கணக்கால் அறியலாம். (ஆசிரியத் தொழிலின் குணம், வாசகர் பொறுத்தருள்க.) 1000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது அதனிடத்து ஏறத்தாழ 139 கிலோயூல் சக்தி உண்டு. அரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்கு அணித்தாகக் கொண்டு செல்ல அது போதும். காரை ஒருமுறை நிறுத்தும்போது அவ்வளவு சக்தியிற் பெரும்பகுதியும் டிஸ்க்கிலும் கட்டையிலும் வெப்பமாய் இறங்குகின்றது. வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியே இறங்குபவர் கியரைக் குறைக்காமல் பிறேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் என்ன நேருமென்று இனி விளக்க வேண்டியதில்லை. கரிந்த நாற்றம் மூக்குக்கு எட்டும்போது கட்டை பாதி பிடியை இழந்திருக்கும்.

கட்டை தேய்ந்ததை அறிவது எவ்வாறு? புதுக்கட்டையில் உராயும் பகுதி பொதுவாகப் பத்து மில்லிமீற்றர் அளவு தடிப்புடையது. அது மூன்று மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். பல கட்டைகளில் மெல்லிய தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தேய்மானம் எல்லைக்கு வந்ததும் அது டிஸ்க்கிலே உரசிக் கீச்சிடும். அவ்வொலியை வானொலியின் சத்தத்தைக் கூட்டி மறைப்போரும் நம்மிடையே உளர்! அதனையும் கடந்து ‘கரகர’ என்று இரும்போடு இரும்பு உராயும் ஓசை கேட்டால், டிஸ்க்கும் கெட்டுவிட்டதென்று கொள்க. கட்டையின் விலையோடு போகவேண்டியது பன்மடங்காகும்.

2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பின் 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை, இருந்த காரையே பேணி ஓட்ட வேண்டியவரானோம். உதிரிப் பாகங்களின் விலையும் ஏறிற்று. ஆயினும் விலை மலிவென்பதற்காகப் பெயர் தெரியாத கட்டையை வாங்குவதில் எமக்கு உடன்பாடில்லை. வேறெதிலும் சிக்கனம் செய்யலாம்.

இனி வேலைக்கு வருவோம். சமதரையான, உறுதியான நிலம் வேண்டும். முற்றத்து மணலில் ஜக் புதையும். தடித்த பலகை இட்டாலும் எமக்கு நம்பிக்கை இல்லை. சீமெந்துத் தரையே தகும். கைப்பிறேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அணைத்து, சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்று இளக்கிக்கொள்க. பின்னரே ஜக்கினால் உயர்த்த வேண்டும். உயர்த்திய காரை இரும்புத் தாங்கியின் மீது இருத்தாமல் சில்லைக் கழற்றலாகாது. ஜக் என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கன்று. செங்கல்லை அடுக்கித் தாங்கு கொடுப்பது அதனினும் கொடிது; செங்கல் முன்னறிவித்தல் இன்றி நொறுங்கும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் எட்டவே நிற்கட்டும்.

ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுக. ஐயம் எழும்போது கழற்றாத பக்கம் படமாய் உதவும். ஆயினும் இரு பக்கக் கட்டைகளையும் ஒரே நாளில் மாற்றவேண்டும். அன்றேல் கார் ஒரு பக்கம் இழுக்கும். பல கார்களிற் கலிப்பரின் கீழ்ப் போல்ட்டை மாத்திரம் கழற்றினால் கலிப்பர் மேலே மடியும். முழுவதும் கழற்ற நேர்ந்தால் கம்பியாற் கட்டித் தொங்கவிடுக. றப்பர்க் குழாயிலே அதன் பாரம் தொங்கலாகாது. தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய கட்டைகளிற் கல்நார் கலந்திருக்கக்கூடும். அது நெஞ்சுக்குள் சென்றால் பல்லாண்டுகளின் பின்னும் நோய் தரும். ஈரத் துணியால் ஒற்றி எடுக்கலாம்.

கழற்றிய கட்டைகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று தேய்ந்து மற்றையது தடித்திருந்தால், பெரும்பாலும் கலிப்பர் வழுக்கிச் செல்லும் ஊசி இறுகியிருக்கும். அதனைத் துடைத்து, அதற்கென விற்கும் வெப்பந்தாங்கும் கிறீஸ் பூசுவதே இவ்வேலையின் உயிர். நாமறிந்த அன்பர் ஒருவருக்குக் கராஜ் ஒன்றிலே புதுக்கட்டை போட்டுக் கொடுத்தவர்கள் இதனைச் செய்யாது விட்டனர். சில மாதங்களிலேயே ஒரு கட்டை இரும்புவரை தேய்ந்தது. அவசரத்திற் செய்யும் கூலி வேலையினும் தம் பிள்ளைகளை ஏற்றுபவர் தாமே செய்யும் வேலை சில வேளை மேலென்று நாம் சொல்வது இதனாலேயே. கிறீஸ் கட்டையின் உராயும் முகத்தில் மாத்திரம் படலாகாது.

புதுக்கட்டை தடித்ததாகையால் பிஸ்டனை உள்ளே தள்ளவேண்டும். பழைய கட்டையை அதன் முகத்தில் வைத்து, தச்சர் பலகை இறுக்கும் கிளாம்பினால் மெல்ல மெல்ல இறுக்கினால் அது உள்ளே செல்லும். அப்போது பிறேக் ஒயில் மேலே தொட்டியில் உயரும். வழிந்து வர்ணத்திற் பட்டால் வர்ணம் உரியும். ஆதலின் மூடியைத் திறந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருத்தல் நன்று. அத்தொட்டியில் எஞ்சின் ஒயிலை ஒரு துளியும் விடலாகாது. உள்ளிருக்கும் றப்பர் உறைகள் ஊதிக் கெடும். எல்லாம் பூட்டியபின், சில்லு நட்டுகளை எதிரெதிராக இறுக்குக.

எல்லாம் முடிந்ததென்று சாவியைத் திருப்பிப் புறப்படுவோர்க்கே ஆபத்து காத்திருக்கின்றது. பின்தள்ளிய பிஸ்டன் கட்டையைத் தொடாமல் நிற்கின்றமையால், முதல் மிதிப்பில் பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது. ஆகவே அசையுமுன் பெடலைப் பலமுறை மெதுவாக மிதித்து, அது கல்லாய் இறுகும்வரை மிதித்துக்கொண்டே இருங்கள். ஒயிலின் அளவையும் மீண்டும் பாருங்கள். இறுகாமல் பஞ்சுபோல் இருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துள்ளது. அதன்மேல் நம் கை நின்றுவிட வேண்டும். தேர்ந்தவரை அழைக்க வேண்டும்.

நம் கை நிற்கவேண்டிய இடங்கள் இன்னும் உள. பின்சில்லு டிஸ்க்கில் கைப்பிறேக்கும் சேர்ந்திருந்தால் பிஸ்டனைத் திருகித் தள்ளும் கருவி வேண்டும். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் பிறேக்கின் மின்பம்பு, கார் அணைந்திருக்கும்போதும் கதவைத் திறந்தாலே இயங்கக்கூடும். கலிப்பர் கழன்றிருக்கும் வேளையில் பிஸ்டன் வெளியே பாயும். அவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் விடுக.

புதுக்கட்டை உடனே முழுப் பிடி தராது. சனமில்லாத வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 20க்கு, கடுமையின்றி எட்டுப் பத்துத் தடவை குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டினால் கட்டையும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும். பாடசாலை விடுமுறைக்கு மலைநாடு செல்ல எண்ணுவோர் புறப்படுவதற்கு முதல்நாள் மாலையில் இவ்வேலையை வைத்துக்கொள்ளாது, இரு வாரம் முந்தியே முடித்து, சமதரையில் ஓட்டிப் பழக்கிக்கொள்வாராக.