நாய் கடித்தால், மாடு முட்டினால்: வளர்ப்பவர் பொறுப்பு

2024 மே 5 அன்று, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்ற முயன்ற தாயும் காயமுற்றார். சிறுமியின் தலைக்காயத்திற்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். நாய் கடித்ததற்கு மனிதரைக் கைது செய்வதா என்று கேட்போர் உண்டு. சங்கிலியைப் பிடித்திருக்க வேண்டிய கை யாருடையது என்பதையே சட்டம் கேட்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதற்கானது. தம் வசமுள்ள விலங்கினால் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதவாறு போதிய காவல் செய்யத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாயே. உயர்ந்த தொகையும் போதாது என்பது எங்கள் கருத்து. அலட்சியத்தால் கொடுங்காயம் நேர்ந்தால் 125ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரையிலும், மரணம் நேர்ந்தால் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரையிலும் சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

சட்டம் ‘நாய்’ என்று சொல்லவில்லை. ‘விலங்கு’ என்றே சொல்கிறது. ஒரகடத்தில் குறுக்கிடும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் இரவுப் பணி முடித்து இருசக்கர வண்டியில் திரும்புவோருக்கு, இருளில் படுத்திருக்கும் மாடு அருகில் வந்த பின்னரே தெரிகிறது. மேய்ச்சல் நிலங்கள் ஆலைகளாகிவிட்டன, மாட்டை எங்கே விடுவது என்று வளர்ப்போர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆயினும் கறந்தபின் நெடுஞ்சாலையில் அவிழ்த்துவிடுவது அதற்கு விடையாகாது.

கடிபட்டவருக்கு முதல் மருந்து சோப்பும் ஓடும் நீருமே. பதினைந்து நிமிடங்கள் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டா. “எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது” என்ற சொல்லை நம்பி வீடு திரும்பாதீர்கள். தோலினுள் செலுத்தும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாள்களில் போடப்படும். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தேவை.

அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்க மனமின்றி, “தவறி விழுந்தேன்” என்று மருத்துவரிடம் சொல்வோரை நாங்கள் கண்டிருக்கிறோம். அதனால் வெறிநாய்த் தடுப்பூசியே தவறிவிடக்கூடும். அச்சொல் விபத்துப் பதிவேட்டிலும் ஏறிவிடும். பின்னர் காவல் நிலையத்தில் ‘ஏ.ஆர். காப்பி’ கேட்கும்போது அந்தத் தாளில் இருப்பதே முதற்சான்று. யாருடைய விலங்கு, எங்கே, எத்தனை மணிக்கு என்பதை நடந்தபடியே சொல்லுங்கள்.