பாட்டு வகுப்பு எதற்கு?

தேர்வு நெருங்கும்போது உங்கள் பள்ளியில் முதலில் காணாமற்போகும் பாடவேளை எது? பாட்டு வகுப்புதானே! கணக்கு ஆசிரியர் அதை வாங்கிக்கொள்வார். பாட்டுக்குப் பரிந்து பேசுகிறவர்களோ, "இசை கேட்டால் மூளை வளரும், மதிப்பெண் கூடும்" என்பார்கள். இது உண்மைதானா?

இந்தப் பேச்சு பரவிய கதை வேடிக்கையானது. 1993-இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மோட்ஸார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டினார்கள். பிறகு, மடித்து வெட்டிய தாளை விரித்தால் எப்படியிருக்கும் என்பது போன்ற கேள்விகளைக் கொடுத்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த பிறகு எழுதியதைவிட, இசை கேட்ட பிறகு நன்றாக எழுதினார்கள். ஆனால் அந்தப் பலன் கால் மணிக்கு மேல் நிற்கவில்லை. சோதனையில் ஒரு குழந்தைகூட இல்லை என்பதையும் கவனியுங்கள்! இருந்தும் 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைநாடா வழங்க 1,05,000 டாலர் கேட்டார். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள், பிடித்தமான கதையைக் கேட்டாலும் இதே பலன் கிடைப்பதைக் கண்டார்கள். மனம் உற்சாகமாக இருந்தால் மூளை சுறுசுறுப்பாகிறது, அவ்வளவுதான்.

கேட்பது வேறு, கற்பது வேறு. கனடாவின் டொராண்டோ நகரில் 144 ஆறு வயதுக் குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். வாய்ப்பாட்டு, கீபோர்டு, நாடகம் ஆகியவற்றை மூன்று குழுக்களுக்குக் கற்பித்தார்கள். நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓராண்டில் இசை கற்றவர்களின் நுண்ணறிவு எண் 7 புள்ளி உயர்ந்தது. மற்றவர்களுக்கு 4 புள்ளிதான். நாடகக் குழுவினரோ பிறரோடு பழகுவதில் முன்னேறினார்கள்! இந்த முடிவு 2004-இல் வெளியானது. ஆனால் 2020-இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கவனமாக நடத்தப்பட்டவற்றில் இந்த லாபம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆகவே மதிப்பெண்ணை நம்பி வீணை வாங்க வேண்டாம்.

அப்படியானால் கணக்கு ஆசிரியருக்கே விட்டுவிடலாமா? பொறுங்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 15 மாதம் கீபோர்டு கற்ற சிறுவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். ஒலியை உணரும் பகுதியும் கைகளை இயக்கும் பகுதியும் மற்றச் சிறுவர்களைவிட அதிகம் மாறியிருந்தன. மெட்டையும் தாளத்தையும் பிரித்தறிவதிலும் விரல் வேலையிலும் இவர்கள் முந்தினார்கள். மற்றத் திறன்களில் வேறுபாடு தெரியவில்லை. இசை, இசையைக் கற்றுத் தருகிறது. ஓவியம் கற்பவனிடம் கணக்கில் எத்தனை மதிப்பெண் கூடியது என்று நாம் கேட்கிறோமா?

இது எவ்வளவு கடினமான பயிற்சி என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆதி தாளம் போடுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சுமாக இருமுறை. மொத்தம் 8. எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக 'ஸரிகமபதநிஸ' பாடுங்கள். அடுத்து இரண்டு ஸ்வரம். ஏறி இறங்கினால் தாளம் ஒரு சுற்று முடியும். கடைசியாக நான்கு ஸ்வரம். ஒரே சுற்றில் இருமுறை ஏறி இறங்க வேண்டும். கையின் வேகம் மட்டும் மாறக் கூடாது. மூன்றாம் காலத்தில் கை வாயோடு சேர்ந்து ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த உங்களுக்கு எத்தனை நாள் ஆகிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள்.