பால்வாடிக்குப் போகுமுன்

பிள்ளைக்கு இரண்டரை வயது நிரம்பிவிட்டால், கோயமுத்தூரிலும் அதைச் சூழ்ந்த சூலூர், பல்லடம், பொள்ளாச்சி முதலிய ஊர்களிலும், எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வேன் வாசலுக்கு வருமா, கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்காத பெற்றோர் இல்லை; ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா, பேச்சும் நடையும் விளையாட்டும் பிராயத்துக்கு ஏற்றபடி வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை நிதானமாகப் பரீட்சித்துப் பார்த்த பிறகு சேர்க்கலாம் என்று எண்ணுகிறவர்கள் மிகச் சிலரே.

குழந்தையின் வளர்ச்சிக்குக் காலக்கணக்கு உண்டென்பது நமக்குப் புதிய செய்தியன்று. செங்கீரைக்கு 5-ஆம் மாதம், கை கொட்டும் சப்பாணிக்கு 9-ஆம் மாதம், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவத்துக்கு 13-ஆம் மாதம் என்று பிள்ளைத்தமிழ் மரபு வகுத்து வைத்திருக்கிறது. இந்தியா உட்படப் பல நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து உலக சுகாதார ஸ்தாபனம் 2006-இல் வெளியிட்ட கணக்கோ, துணையின்றி நடப்பதற்கு ஏறக்குறைய 8 மாதம் முதல் பதினேழரை மாதம் வரை இடம் கொடுக்கிறது. ஆகையால் பக்கத்து வீட்டுப் பேத்தி பத்து மாதத்தில் நடந்தாள் என்பதற்காக எவரும் கலங்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அவகாசத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வயது நிறைந்தும் மழலை ஒலி எழுப்பாமல், வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமல் இருப்பதும், 16 மாதமாகியும் ஒரு சொல்லும் வராததும், இரண்டு வயதிலும் ‘அம்மா வா’ என்பதுபோல் இரு சொல் சேராததும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை வந்த பேச்சோ பழக்கமோ எந்த வயதிலேனும் மறைந்து போவதும், உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள்.

இவற்றைக் கண்டுகொள்ளப் பெரிய யந்திரங்கள் தேவையில்லை. திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய சகாக்களும் 1991-இல் வெளியிட்ட அட்டவணையில், இரண்டு வயது வரைக்கும் உள்ளவை 17 இனங்களே; ஒவ்வோர் இனத்துக்கும் அதற்குரிய வயதைக் காட்டும் ஒரு கோடு உண்டு. குழந்தையின் வயதுக்கு நேராக ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடப்பக்கத்திலேயே முடிந்துவிட்ட கோடுகளெல்லாம் அக்குழந்தை செய்தாக வேண்டியவை. சில நிமிஷ வேலை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால், குறைந்த மாதங்களை வயதிலிருந்து கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் அடங்கிய குழு வண்டியில் ஏறி, அங்கன்வாடிகளுக்கு, அதாவது நம் ஜனங்கள் பால்வாடி என்று சொல்லும் இடங்களுக்கு, வருஷத்துக்கு இரண்டு தடவை வரவேண்டும். பாயில் தாயின் மடியை ஒட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம், “கண்ணு, அந்தப் பந்தெடுத்து அம்மாகிட்டக் குடு பாக்கலாம்” என்று சொல்லும்போது, தேர்ந்த செவிலியர் கையை அசைப்பதில்லை, கண்ணாலும் பந்தைக் காட்டுவதில்லை; காட்டிச் சொன்னால் காது மந்தமான குழந்தையும் ஜாடையை அறிந்து எடுத்துக் கொடுத்துவிடும். வீட்டில் நாம் எப்போதும் ஜாடை காட்டியே பேசுவதால்தான், செவிக்குறை வருஷக்கணக்கில் எவர் கண்ணுக்கும் படாமல் போகிறது.

தாயும் தகப்பனும் மில்லுக்கோ விசைத்தறிக்கோ போய்விட, பிள்ளையை வளர்ப்பவள் பெரும்பாலும் அப்பத்தாதான். “அவங்கப்பனும் நாலு வயசுலதானுங்க வாய் தொறந்தான், இவனும் பேசிருவானுங்க” என்று அவள் சொல்வது பிரியத்தினால் வரும் வார்த்தை. தாமதித்துப் பேசும் பிள்ளைகளில் சிலர் தாமாகவே தேறிவிடுவதும் உண்மைதான். ஆனால் தேறப்போகிற பிள்ளை எது, தேறாத பிள்ளை எது என்று காத்திருக்கும் காலத்தில் தெரிவதில்லை. தெரிந்துகொள்வதற்குள் மூளை மொழியை எளிதில் ஏற்கும் வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செவிக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே உண்டு; அந்த வயதைக் கடந்து வரும் பிள்ளையைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை.

திருப்பூரில் குடியேறிய வடநாட்டுத் தொழிலாளியின் குழந்தையைத் தமிழில் கேட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று எழுதுவதும் அநியாயம். வீட்டு மொழியிலேயே கேட்க வேண்டும். இரண்டு மொழி கேட்டு வளர்வதனால் பேச்சு கெடுவதில்லை.

இந்தப் பரிசோதனையைச் சேர்க்கைத் தேர்வென்று எண்ணிப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். சேர்க்கைக்காகப் பிள்ளையையும் பெற்றோரையும் சோதித்துத் தள்ளுவதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. இதுவோ தள்ளுவதற்காகச் செய்வதன்று. இதில் சந்தேகம் எழுந்தால் அது நோய் என்ற தீர்ப்பும் ஆகாது, இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்ற அறிவிப்பே ஆகும். அப்படிப் பார்ப்பதற்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு. குழந்தை வைத்தியர், இயன்முறைப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், மனோதத்துவர் முதலியோர் ஒரே கூரையின்கீழ் இருந்து பார்க்க வேண்டும் என்பதே இத்தகைய மையங்களின் ஏற்பாடு. நோயின் பெயர் நிச்சயமாகும்வரை பயிற்சியை ஒத்திப்போட வேண்டிய அவசியமும் இல்லை.

அரசாங்க வண்டி பால்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போகிறதேயன்றி, கட்டணம் வாங்கும் பாலர் பள்ளியின் வாசலில் நிற்பதில்லை. ஏழையின் குழந்தைக்கு வருஷத்தில் இருமுறை கிடைக்க வேண்டிய இந்தக் கவனிப்பு, வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு யாரேனும் கேட்டாலன்றிக் கிடைப்பதில்லை. ஒன்றரை வயதில் ஊக்கத் தடுப்பூசி போடப் போகும்போதே, ‘இவன் வளர்ச்சியையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்’ என்று தாய் கேட்கலாம். பள்ளிகளும் சேர்க்கை நாளில் தடுப்பூசி அட்டையோடு இந்தக் குறிப்பையும் கேட்டு வாங்கி, இடம் மறுப்பதற்கல்லாமல், காது மந்தமான பிள்ளையை ஆசிரியையின் முகம் தெரியும்படி முன்வரிசையில் உட்கார வைப்பதற்கு அதை உபயோகிக்கலாம்.