மலைக்குடில் வழி: தனிநடைப் பயணத்திற்குத் திட்டமிடல்

மலையின் உச்சியை எட்டுவது ஒரு கலை. மலையைச் சுற்றி வருவது பிறிதொரு கலை. முன்னதற்குக் கயிறும் பனிக்கோடரியும் பயிற்சி பெற்ற துணையும் வேண்டும். பின்னதற்கு உறுதியான கால்களும், இரவுதோறும் தலைசாய்க்க ஓர் இடமும் போதும். இவ்விரண்டாவது கலைக்கு உலகில் மிகவும் பெயர்பெற்ற களம், ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் தொடரில் உள்ள மோன் பிளாங் மலையைச் சுற்றிச் செல்லும் நடைவழியாகும். இவ்வழியில் துணையின்றித் தனியே நடக்க விழையும் ஒருவர், இன்றைய இணையவழிப் பதிவுச் சேவையைக் கொண்டு எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதையே ஈண்டுக் காண்போம்.

மோன் பிளாங் ஏறத்தாழ 4,806 மீட்டர் உயரமுடையது. உச்சியில் பனிப்போர்வை தடித்தும் மெலிந்தும் வருவதால், அளக்குந்தோறும் இவ்வுயரம் சற்றே மாறும். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியே அதனைச் சுற்றும் பாதை ஏறக்குறைய 170 கிலோமீட்டர் நீளமுடையது. நீளத்தைக் காட்டிலும் ஏற்றமே இதில் கருதத்தக்கது. வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர் வரும். எவரெஸ்டின் உயரத்தையே அது விஞ்சும். பெரும்பாலோர் பத்து அல்லது பதினொரு நாள்களில் இதனை நடந்து முடிப்பர்.

ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர் என்பார், இம்மலையுச்சிக்கு வழி காண்பவருக்குப் பரிசளிப்பதாக 1760ஆம் ஆண்டில் அறிவித்தார். 1786 ஆகஸ்ட் 8ஆம் நாள் பால்மா, பக்கார் என்னும் இருவர் உச்சியை அடைந்தனர். மறு ஆண்டில் சொசூரும் ஏறினார். ஆயினும் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1767இல், அவர் மலையைச் சுற்றி வந்துவிட்டார் என்பது பலரும் அறியாத செய்தி. அக்காலத்தில் இவ்வழியில் செல்வோர்க்கு ஆயர்களின் கோடைக்காலக் குடிசைகளே இரவுப் புகலிடமாக இருந்தன. இன்றும் மொத்தே என்னுமிடத்துக் குடில், பழைய பால்பண்ணையொன்றின் கட்டடங்களில்தான் நடைபெறுகிறது.

இம்மலைக்குடில்களைப் பிரெஞ்சியர் 'ரெஃப்யூஜ்' என்றும், இத்தாலியர் 'ரிஃபூஜியோ' என்றும் அழைப்பர். இரண்டிற்கும் பொருள் புகலிடம் என்பதே. இவற்றை விடுதி என்று எண்ணிச் செல்பவர் ஏமாற்றமே அடைவார். வாசலிலேயே காலணிகளைக் கழற்றி அடுக்கில் வைத்தல் வேண்டும். பலர் வரிசையாகப் படுக்கும் பொதுக்கூடத்தில் ஒரு மெத்தையும் கம்பளியும் கிடைக்கும். அதனுள் விரித்துக்கொள்ளும் மெல்லிய துணிப்பையை நாமே கொண்டுசெல்ல வேண்டும். வெந்நீர்க் குளியல் அளவோடுதான். இரவு உணவு குறித்த நேரத்தில் எல்லோர்க்கும் ஒன்றாகப் பரிமாறப்படும். பகலெல்லாம் தனியே நடந்தவர், முன்பின் அறியாத பலரோடு ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கலத்துச் சூப்பைப் பகிர்ந்துகொள்ளும் அந்த வேளை, தனிப்பயணியின் நாளில் இனிமையானது எனலாம்.

உணவைப் பற்றி நம்மவர்க்கு ஒரு குறிப்பு. அம்மலைநாட்டுச் சமையலில் பன்றியிறைச்சியும் திராட்சை மதுவும் இயல்பாகக் கலப்பவை. உணவுப்பொருள்கள் கீழிருந்து வண்டியிலும், சில குடில்களுக்கு ஹெலிகாப்டரிலும் மேலே வருவதால், வந்திறங்கிய மாலையில் வேறு உணவு கேட்பது காப்பாளருக்குத் தொல்லை, கேட்பவருக்குப் பட்டினி. ஆகவே மரக்கறி உணவு வேண்டுமெனப் பதிவின்போதே எழுதிவிட்டு, குடிலை அடைந்தவுடன் மீண்டும் ஒருமுறை நினைவூட்டுதல் நலம்.

இனி, பதிவு ஏன் இத்துணை இன்றியமையாததாயிற்று என்பதைப் பார்ப்போம். கோடைக்காலத்தின் மூன்று மாதங்களே, அதாவது சூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையே, இவ்வழிக்கு உரிய பருவம். அக்குறுகிய காலத்தில் வழி முழுதும் நடப்போர் திரள்கின்றனர். கண்ட இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கிவிடலாம் என்றால், வழியின் பல பகுதிகளில் அது தடை செய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ உள்ளது. எனவே படுக்கை கிடைத்தால்தான் பயணம் என்ற நிலை. அடுத்த கோடைக்கான பதிவைப் பல குடில்கள் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடுகின்றன.

இவ்வழிக்கென இணையத்தில் ஒரு பொதுப் பதிவுச் சேவை இயங்குகின்றது. நாளையும் ஆள் எண்ணிக்கையையும் குறித்தால், எக்குடிலில் இடம் உண்டு, எதில் இல்லை என்பதை அது காட்டும். விரும்பியவற்றை வரிசையாகத் தெரிந்து, முன்பணம் செலுத்திப் பதியலாம். ஆனால் வழியிலுள்ள எல்லாக் குடில்களும் அதில் இணைந்திருக்கவில்லை. சில குடில்கள் தம் சொந்தத் தளத்திலோ மின்னஞ்சலிலோதான் பதிவை ஏற்கின்றன. பொதுச் சேவையில் 'இடமில்லை' என்று கண்டவுடன் பயணத்தையே கைவிடுவோர் உண்டு. அது பிழை. ஓரிருவரைக் கேட்டுவிட்டு ஊரிலேயே வீடில்லை என்று முடிவு கட்டுவதைப் போன்றதே அது.

பதிவில் பெரும்பாலோர் செய்யும் தவறு, முதல் இரவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக முன்னேறுவது. நான்கு இரவுகளுக்குப் பணம் கட்டிய பின், ஐந்தாம் இரவுக்கு அப்பகுதி முழுவதிலும் இடமில்லை என்று தெரியவரும். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவையும் பயனற்றுப் போகும். ஆதலின், படுக்கை அரிதாயுள்ள இரவை முதலில் பிடிக்க வேண்டும். பள்ளத்தாக்கின் ஊர்களாகிய கூர்மாயரிலும் ஷாம்பேயிலும் விடுதிகள் பலவுண்டு. ஆனால் பொனோம் கணவாயருகில் 2,443 மீட்டரில் உள்ள குடில், செய்ன் கணவாயைத் தாண்டியபின் இத்தாலியில் வரும் எலிசபெட்டா குடில், ஃபெரே பள்ளத்தாக்கின் மேலுள்ள பொனாட்டி குடில் ஆகியவற்றின் அருகே மாற்றிடங்கள் மிகச் சிலவே. இவ்விரவுகளை நடுவே நிறுத்தி, அவற்றிலிருந்து முன்னும் பின்னுமாக மற்ற இரவுகளை நிரப்புவதே முறை. தனியாளுக்கு இங்கு ஒரு நன்மையும் உண்டு. நால்வர் குழுவிற்கு இல்லாத இடம், பொதுக்கூடத்தின் மூலையில் ஒருவருக்கு மட்டும் எஞ்சியிருப்பது வழக்கம். பிறர் விலக்கிக்கொள்ளும் படுக்கைகளும் அவ்வப்போது திரும்ப வரும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பது? ஸ்காட்லாந்து நாட்டவரான நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் கூடுதலாக ஒரு மணி. லெ கோந்தமீன் என்னும் ஊரிலிருந்து பொனோம் குடிலுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டரும் 1,300 மீட்டர் ஏற்றமும் உள. இக்கணக்கின்படி ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால் முதுகில் சுமையும், மலைப் பழக்கமில்லாத கால்களும் உடையவர் ஏழு மணி என்று கொள்வதே தகும். வரைபடத்தைப் பார்த்து வீட்டில் அமர்ந்து இடும் திட்டங்களில் மனிதர் யாவரும் வலிமைமிக்கவரே.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்க்கு இப்பதிவுப் பட்டியல் மற்றொரு வகையிலும் பயன்படும். மூன்று நாடுகளும் ஷெங்கன் ஒப்பந்தத்திற்கு உட்பட்டவையாதலின் ஒரே நுழைவிசைவு போதும். மிகுதியான இரவுகளைக் கழிக்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; தங்குமிடங்களுக்குச் சான்றாக இப்பட்டியலையே இணைக்கலாம். பயணத்திற்கு ஆறு மாதங்கள் முன்னதாகத்தான் விண்ணப்பம் ஏற்கப்படும். படுக்கைகளோ அதற்கும் முன்னரே தீர்ந்துவிடுகின்றன. எனவே இசைவு கிடைக்குமா என்று அறியுமுன்பே பணம் கட்ட நேரிடும். பதிவை விலக்கினால் எந்நாள் வரை பணம் திரும்பும் என்ற விதியை ஒவ்வொரு குடிலுக்கும் தனித்தனியே படித்துக் குறித்துக்கொள்வது மாணவர்க்கும் எளிய வருவாயினர்க்கும் மிகவும் தேவையானது.

இதுவரை கூறியவை படுக்கையைப் பெறுவதற்கான வழிகள். பெற்றபின் வரும் ஆபத்தைப் பேசுவோர் குறைவு. பத்து இரவுகளுக்கும் பணம் கட்டி முடித்தவருக்கு அப்பட்டியலே கட்டளையாக மாறிவிடுகிறது. வானம் கறுத்துத் திரண்டாலும், 'இன்றிரவு அங்கே எனக்கு இடம் உள்ளதே' என்ற எண்ணம் அவரைக் கணவாயை நோக்கித் தள்ளுகிறது. ஆல்ப்ஸில் கோடைப் பிற்பகல்கள் இடியும் மின்னலும் உடையவை. சூன் மாதத்திலோ உயர்ந்த கணவாய்களில் பழம்பனி உறைந்து கிடக்கும். உடன் வருபவர் இருந்தால் ஒருவராவது 'வேண்டாம்' என்பார். தனியே செல்பவருக்கு அச்சொல்லைக் கூற ஆளில்லை. அதனைத் திட்டத்திற்குள்ளேயே எழுதிவைத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு காலையை எண்ணிப் பார்ப்போம். பயணி பொனோம் குடிலில் விழிக்கிறார். அன்றிரவு எலிசபெட்டாவில் அவருக்குப் படுக்கை உண்டு. இடையில் 2,516 மீட்டர் உயரமுள்ள செய்ன் கணவாய். நண்பகலுக்குப் பின் இடியென்று வானிலை அறிக்கை கூறுகின்றது. 2,665 மீட்டர் வரை ஏறும் ஃபூர் கணவாய் வழியே குறுக்கிட்டால் நேரம் மிச்சமாகும் என்று மனம் ஆசை காட்டும். அதற்கு இணங்கலாகாது. மாறாக, காலையிலேயே 1,550 மீட்டரில் உள்ள லெ ஷாப்பியே சிற்றூருக்கு இறங்கி, அங்கே ஓரிடம் தேடித் தங்கிவிடலாம். மறுநாள் விடியலில் புறப்பட்டு, தெளிந்த வானின் கீழ்ச் செய்ன் கணவாயைக் கடந்து, எலிசபெட்டாவில் நில்லாமல் வேனி பள்ளத்தாக்கில் இறங்கினால், கோடைக்காலப் பேருந்து கூர்மாயருக்குக் கொண்டுசேர்க்கும். ஆக, இழந்தது ஒரு படுக்கையின் பணம், சங்கிலி அறவில்லை. இத்தகைய மாற்றுவழியை ஒவ்வோர் உயர்ந்த கணவாய்க்கும் முன்கூட்டியே குறித்துவைக்கலாம். ஃபெரே பள்ளத்தாக்கில் இத்தாலியப் பக்கத்திலும் சுவிஸ் பக்கத்திலும் பேருந்துகள் உண்டு. 1965இல் திறக்கப்பட்ட 11.6 கிலோமீட்டர்ச் சுரங்கப்பாதை வழியே கூர்மாயரிலிருந்து சாமொனிக்கு மலையையே ஊடறுத்துத் திரும்பவும் இயலும். இவற்றோடு, பாதி வழியான கூர்மாயரில் ஒரு நாளை வெறுமையாக விட்டுவைத்தால், முன்னேற்பட்ட தாமதத்தை அந்நாள் விழுங்கிக்கொள்ளும். தாமதமே நேரவில்லையெனில், கால்கள் அந்த ஓய்வை மறுக்கப்போவதில்லை.

மேற்கூறிய காலையில் பயணி செய்யவேண்டிய கடமை ஒன்று எஞ்சியுள்ளது. எலிசபெட்டா குடிலுக்குத் தொலைபேசியில் 'இன்று வரவில்லை' என்று சொல்லுதல். பணம்தான் போய்விட்டதே என்று வாளாவிருத்தல் பெருந்தவறு. பதிவேட்டில் பெயருள்ள தனியாள் இருட்டியும் வரவில்லையெனில், குடில் காப்பாளர் அவரை மலையில் சிக்கியவராகவே கருதக்கூடும். மீட்புக் குழுவினர் இரவில் வீணே தேட நேரலாம். அதே காப்பாளரின் கவலைதான் உண்மையாகவே கால் முறிந்து கிடப்பவரைக் காப்பதும். பதிவுச் சேவை விற்பது படுக்கையைத்தான். ஆனால் தனிப்பயணிக்கு அதனினும் பெரிதாகக் கிடைப்பது, அவர் வரவை ஒவ்வொரு மாலையும் ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார் என்பதே. அவ்வெதிர்பார்ப்பை மதித்தால்தான் அது பயன் தரும்.

எனவே ஒவ்வொரு காலையும் காப்பாளரிடம் கணவாயின் நிலையைக் கேட்டு, தாம் செல்லும் வழியையும் கூறிவிட்டே புறப்பட வேண்டும். மூன்று நாடுகளிலும் 112 என்ற எண் அவசர உதவிக்கு உரியது. பள்ளத்தாக்குகளில் செல்பேசித் தொடர்பு விட்டுவிட்டே கிடைக்குமாதலின், ஒரு ஊதலையும் கழுத்தில் மாட்டிக்கொள்வது நன்று. நிமிடத்திற்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஆறு முறை ஊதுதல் ஆல்ப்ஸ் மலையின் அபாயக் குறி. நிமிடத்திற்கு மூன்று முறை என மறுகுறி வந்தால், கேட்டுவிட்டார்கள் என்று பொருள். சுவிட்சர்லாந்தில் மலைமீட்புக்குப் பெருந்தொகை கேட்பராதலால், எடுக்கும் காப்பீட்டில் மலைநடையும் மீட்பும் அடங்குமா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

குடில்களின் பெயர், நாள், தொலைபேசி எண், மாற்றுவழி ஆகியவை அடங்கிய பட்டியலை இரு படிகளாகத் தாளில் எழுதிக்கொள்க. ஒரு படி பயணியின் பையில், நனையாத உறையில். மற்றொன்று வீட்டில், அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரின் கையில். எத்தனை நாள் செய்தி வராவிட்டால் எக்குடிலுக்கு முதலில் பேசுவது என்பதையும் அத்தாளின் அடியில் எழுதிவைக்க வேண்டும்.