காப்பகத்தில் பழைய சீட்டு, அதே மாத்திரை

மனநலக் காப்பகங்களிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களின் கோப்பைத் திறந்தால், சேர்ந்த அன்று எழுதிய மருந்துச் சீட்டே ஆண்டுக்கணக்கில் நகலெடுக்கப்பட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கத்திக் கலவரப்பட்ட வாரத்துக்கென்று கொடுத்த ஹாலோபெரிடால், அவர் அடங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அதே அளவில் தொடர்கிறது. முகத்தில் சலனமில்லை, நடக்கையில் கை வீசுவதில்லை, வாயோரம் எச்சில். “இப்போ ரொம்ப அமைதி சார்” என்கிறார் உடன் வந்தவர். அந்த அமைதி மருந்தின் பக்கவிளைவு.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. சங்கிலி போன இடத்தில் மாத்திரையை வைத்தால் அது சிகிச்சை ஆகாது.

நம்பிக்கைகளும் உண்மையும்

‘பீடிக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?’ நிறையவே இருக்கிறது. குளோசபின், ஒலன்சபின் என்ற மனநோய் மருந்துகள் இரண்டையும் புகை கல்லீரலில் வேகமாகச் சிதையச் செய்கிறது. காப்பகத்தில் பீடி நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும். நாள் முழுக்க உறக்கம், எச்சில், வலிப்புகூட வரலாம். வீடு திரும்பிப் பீடியைத் தொட்டதும் அளவு சரிந்து நோய் தலைகாட்டும். பீடிப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

‘வீட்டுக்கு வந்தாச்சே, இனி மாத்திரை எதற்கு?’ இதைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. குளோசபின் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால், பழைய அளவை அப்படியே விழுங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

‘மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரைதானே?’ மனநோய்க்காக லித்தியம் எடுப்பவருக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்த லித்தியத்தை ஏற்றிவிடும். வாந்தி, கடும் நடுக்கம், தள்ளாட்டம் கண்டால் ‘வெயில்தான்’ என்று மோர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள், மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

‘சாம்பாரில் பொடித்துப் போட்டால் தெரியாது.’ தெரியும் நாளில் சாப்பாட்டையே சந்தேகிப்பார். நோயின் பயம் ஏற்கெனவே அதுதான்.

பரிசோதனை

லித்தியத்துக்கு ரத்த அளவு, சிறுநீரகம், தைராய்டு. குளோசபினுக்கு வெள்ளணு எண்ணிக்கை. எல்லாருக்கும் எடை, சர்க்கரை.

குடும்பத்தாருக்கு

தயவுசெய்து மாதக் கட்டணத்தோடு நின்றுவிடாதீர்கள். போகும்போதெல்லாம் சீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இரண்டு மூன்று மனநோய் மருந்துகள் ஒன்றாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், எப்போது குறைக்கலாம் என்றும் கேளுங்கள். மலச்சிக்கலா, விறைப்பா என்று அவரிடமே விசாரியுங்கள். குளோசபினில் மலச்சிக்கல் உயிரையே பறிக்கக்கூடும். காப்பகத்தில் பதில் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள், அல்லது மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்து வாருங்கள். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.